இருநூறு மணிநேரமா, ஆயிரத்து ஐந்நூறா? விமானி வேலைக்கு உண்மையில் கேட்கப்படும் தகுதிகள்

மலேசியாவின் பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிவு வெளியாகும் வாரத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் இரண்டு செய்திகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. அடுத்த 20 ஆண்டுகளில் உலகத்துக்கு 674,000 புதிய விமானிகள் தேவை என்பது ஒன்று. 1,500 மணிநேரம் பறந்திருந்தால்தான் விமான நிறுவனம் திரும்பிப் பார்க்கும் என்பது மற்றொன்று. முதல் செய்தியைப் படித்த அப்பா வீட்டு கிராண்டை, அதாவது வீட்டுப் பத்திரத்தை, பெட்டியிலிருந்து எடுக்கிறார். இரண்டாவதைப் படித்த அம்மா, "இது நமக்கு ஆகிற காரியமில்லை" என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

இரண்டும் பொய்யில்லை. ஆனால் இரண்டுமே நம் வீட்டுக் கணக்குக்கு உதவாதவை. முதல் எண் போயிங் நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணிப்பு. விமானம் விற்கிறவர்கள் உலகம் முழுவதற்கும் போட்ட கணக்கு அது. சுபாங் விமான நிலையத்திலோ சிப்பாங் விமான நிலையத்திலோ எத்தனை இடம் காலியாகும் என்று அது சொல்லவில்லை. இரண்டாவது எண் அமெரிக்கச் சட்டத்தில் இருப்பது. மலேசியாவில் துணை விமானியாக முதல் வேலைக்குப் போகிறவர்களில் பலர் ஏறத்தாழ 200 மணிநேரத்தோடுதான் போகிறார்கள். அப்படியானால் என்னதான் கேட்கிறார்கள்? அடியிலிருந்து பார்ப்போம்.

உரிமம் வேறு, வேலை வேறு

சரக்கு வாகன உரிமமான ஜிடிஎல் எடுத்தவர்களுக்கெல்லாம் லாரி கிடைத்துவிடுவதில்லை. விமானத்திலும் அப்படித்தான். உரிமம் தருவது அரசு. வேலை தருவது நிறுவனம். மலேசியாவில் உரிமம் வழங்குவது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்; 2018 பிப்ரவரியில் பழைய இலாகாவின் இடத்துக்கு வந்தது. கற்றுக்கொள்ளவேண்டியவை வரிசையாக இவை:

1. தனியார் விமானி உரிமம், அதாவது பி.பி.எல். குறைந்தது 40 மணிநேரம் பறக்கவேண்டும். நண்பரை ஏற்றிக்கொண்டு ஈப்போவைச் சுற்றலாம்; அதற்குக் கூலி வாங்கக் கூடாது.

2. வணிக விமானி உரிமம், சி.பி.எல். வயது 18 ஆகியிருக்கவேண்டும். அனைத்துலக விதிப்படி 200 மணிநேரம். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஒரே தொடர்ச்சியான பயிற்சி என்றால் 150 மணிநேரம். சம்பளத்துக்குப் பறக்க இதுதான் வாசல்.

3. கருவிவழிப் பறத்தல் தகுதி. பேராக்கில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் மேகம் கறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும். வெளியே ஒன்றும் தெரியாதபோது எதிரே இருக்கும் மானிகளை மட்டும் நம்பிப் பறந்து இறங்குவது. இதை இரட்டை எஞ்சின் விமானத்தில் பெற்றிருக்கவேண்டும். இது இல்லாத சி.பி.எல். விமான நிறுவனத்தின் வாசலில் செல்லாக் காசு.

4. விமான நிறுவன விமானி உரிமம், ஏ.டி.பி.எல். வயது 21, அனுபவம் 1,500 மணிநேரம். பயணிகள் விமானத்தில் கேப்டனாக உட்கார இது வேண்டும். எழுத்துத் தேர்வுகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, மணிநேரம் சேர்ந்ததும் உரிமத்தை வாங்கிக்கொள்ளலாம். அப்படித் தேர்வு மட்டும் முடித்த நிலையை விமானிகள் 'உறைந்த ஏ.டி.பி.எல்.' என்கிறார்கள். மூன்றாவது தகுதியோடு இதுவும் கையில் இருப்பவர்தான் துணை விமானி வேலைக்கு வழக்கமாக மனுச் செய்கிறவர்.

5. வகைத் தகுதி. ஏர்பஸ் ஏ320 ஓட்டக் கற்றவர் அதைக் காட்டி போயிங் 737இல் ஏற முடியாது. ஒவ்வொரு வகைக்கும் தனியாக வகுப்பு, தனியாக சிமுலேட்டர், தனியாகச் சோதனை. ஏர் ஆசியா ஏ320 குடும்ப விமானங்களை ஓட்டுகிறது. பாத்தேக் ஏர் 737 ஓட்டுகிறது. மலேசியா ஏர்லைன்ஸிடம் 737ம் இருக்கிறது, ஏ330, ஏ350 ஆகிய பெரியவையும் இருக்கின்றன. எந்த நிறுவனம் எடுக்கும் என்று தெரியாமலேயே சொந்தப் பணத்தில் வகைத் தகுதி வாங்குவது, பெண் பார்க்கும் முன்பே தாலிக்கொடிக்கு அளவு கொடுப்பது மாதிரி.

குறுக்கு வழி போலத் தெரியும் ஒன்றும் இருக்கிறது: பல்விமானிக் குழு உரிமம், எம்.பி.எல். 2006இல் அனைத்துலக விதிகளில் சேர்ந்தது. மொத்தம் 240 மணிநேரப் பயிற்சி. அதில் பெரும்பகுதி சிமுலேட்டரில். தொடக்கத்திலிருந்தே இரண்டு பேர் சேர்ந்து ஜெட் ஓட்டும் முறையில் பழக்குகிறார்கள். ஆனால் ஏதாவது ஒரு நிறுவனம் முன்கூட்டியே தேர்ந்தெடுத்திருந்தால்தான் இதில் சேர்வதில் பொருள் உண்டு.

1,500 எங்கிருந்து வந்தது?

2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் சிறிய பயணிகள் விமானம் ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைந்து விமானம் மிதப்பை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கை வந்தபோது கேப்டன் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடின. 2010இல் சட்டம் வந்தது. 2013 முதல் அமெரிக்க விமான நிறுவனங்களில் துணை விமானிக்கும் ஏ.டி.பி.எல். கட்டாயம் ஆனது. அதாவது 1,500 மணிநேரம். இராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750, விமானவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 என்று சலுகையும் வைத்தார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. விழுந்த அந்த விமானத்தின் கேப்டன் 3,000 மணிநேரத்துக்கு மேல் பறந்தவர். துணை விமானி 2,000க்கு மேல். இன்றைய விதி அன்றே இருந்திருந்தாலும் இருவரும் அதே இருக்கையில்தான் இருந்திருப்பார்கள். மணிநேரத்தை எண்ணுவது சுலபம், திறமையை எண்ணுவது கடினம். சட்டம் எழுதுகிறவர்கள் சுலபமானதை எடுத்துக்கொண்டார்கள் என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

அமெரிக்க இளைஞர் 1,500ஐ எட்டுவதற்குப் பயிற்றுநராகி இரண்டு மூன்று ஆண்டுகள் சிறு விமானத்தில் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறார். பிறகு பிராந்திய நிறுவனம், அதன் பிறகுதான் பெரிய நிறுவனம். 'பெரிய' என்பதற்கு அங்கே அரசாங்க அளவுகோலே உண்டு: ஆண்டு வருமானம் நூறு கோடி டாலருக்கு மேல். நம் நாட்டில் அத்தனை படிகள் இல்லை. சிறு விமானத் தொழிலே இங்கே குறுகியது என்பதால், ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் குறைந்த மணிநேரம் உள்ளவரை எடுத்து நிறுவனமே வடிவமைக்கும் வழி வேரூன்றியது. அதனால்தான் இங்கே கேள்வி 'எத்தனை மணிநேரம்' என்பதைவிட 'அந்த மணிநேரம் எப்படிச் சேர்ந்தது' என்பதாக இருக்கிறது.

பணம் கட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள்

வீடுகளில் நடக்கும் பெரிய தவறு வரிசையில்தான். முன்பணம் கட்டுகிறார்கள், சீருடை தைக்கிறார்கள், கோயிலில் அர்ச்சனை செய்கிறார்கள், அதன் பிறகு மருத்துவச் சோதனைக்குப் போகிறார்கள். இதைத் தலைகீழாகத் திருப்பவேண்டும்.

வணிக விமானிக்கு முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஆணையம் அங்கீகரித்த விமான மருத்துவர்தான் தரமுடியும். பட்டணத்து கிளினிக்கில் வாங்கும் கடிதம் செல்லாது. இதயத் துடிப்புப் பதிவு, காது, சிறுநீர், இரத்தம், மனநலம் எல்லாம் பார்க்கிறார்கள். பயிற்சியில் சேர்ந்த பிறகும் ஆண்டுதோறும் இதைப் புதுப்பிக்கவேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர் விமானியாக முடியாது என்பது நம் ஊரில் சாகாத வதந்தி. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 தெரிந்தால் அனைத்துலக விதி ஏற்றுக்கொள்கிறது.

நிறக்குருடு வேறு சங்கதி. வட்டத்துக்குள் வண்ணப் புள்ளிகள் நிறைந்திருக்கும் இஷிஹாரா அட்டையைக் காட்டுவார்கள். புள்ளிகளின் நடுவே 74 என்றோ 6 என்றோ ஓர் எண் ஒளிந்திருக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்கு அந்த எண் வேறாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. வாழ்நாளில் ஒரு நாளும் சிரமப்படாத பையன் அந்த அட்டையின் முன்தான் முதல்முறையாகத் தன் குறையை அறிகிறான். ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் இறங்கும் சரிவு சரி. நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம் என்று பொருள். நிறம் அலங்காரத்துக்கு அல்ல.

இந்தக் குறை பெரும்பாலும் தாய்வழியில் வருகிறது. தாய்க்கு வெளியே தெரியாது; தாயின் சகோதரனிடம் தெரியக்கூடும். எனவே பையன் விமானியாக ஆசைப்பட்டால் முதலில் விசாரிக்கவேண்டியது தாய்மாமனை. அட்டைச் சோதனையில் தவறினால் கூடுதல் சோதனைகள் உண்டு, உடனே கதவு அடைபடாது. ஆனால் அதை 3 லட்சம் வெள்ளி கட்டிய பிறகு தெரிந்துகொள்வதில் யாருக்கும் லாபமில்லை.

பள்ளிப் பாடமும் மூன்றாம் வாய்ப்பாடும்

பட்டம் தேவையில்லை. அமெரிக்காவிலேயே டெல்டா நிறுவனம் 2022இல் நான்காண்டுப் பட்டக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. மலேசியாவில் பயிற்சிப் பள்ளிகள் பொதுவாக எஸ்பிஎம்மில் ஐந்து பாடங்களில் கிரெடிட் கேட்கின்றன. ஆங்கிலம், கணிதம், ஓர் அறிவியல் பாடம் அவற்றில் அடங்கவேண்டும். இயற்பியல் இருந்தால் வகுப்பறைத் தேர்வுகள் பாதி சுமை. நான்காம் படிவத்தில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இது முடிவாகிவிடுகிறது. அன்று யாரும் விமானத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

கணிதம் என்றதும் பயப்படவேண்டாம். கேட்பது மனக்கணக்கு. 35,000 அடி உயரத்திலிருந்து எப்போது இறங்கத் தொடங்குவது? ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 35ஐ மூன்றால் பெருக்கினால் 105 மைல். தரைவேகம் 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்கவேண்டும்? ஐந்தால் பெருக்கு: 700. தமிழ்ப்பள்ளியில் காலைச் சபைகூடல் முடிந்து வரிசையில் நின்று வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைக்கு இது புதிதல்ல. காதில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது, கை ஒரு வேலை செய்துகொண்டிருக்கும்போது விடை வரவேண்டும் என்பதுதான் புதிது. நிறுவனங்களின் திறன் தேர்வுகள் இதைத்தான் அளக்கின்றன.

ஆங்கிலம்: எஸ்பிஎம் கிரெடிட் போதாது

விமானிக்கு அனைத்துலக ஆங்கிலத் தேர்வு தனியாக உண்டு. ஆறு நிலைகள், குறைந்தது நான்காவது வேண்டும். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்று ஆறு கூறுகளில் மதிப்பெண் போடுவார்கள். இதில் பலருக்குத் தெரியாத நுணுக்கம் ஒன்று: சராசரி எடுப்பதில்லை. ஆறில் எது மிகக் குறைவோ அதுவே உங்கள் நிலை. ஐந்தில் 5 வாங்கி உரையாடலில் 3 வாங்கினால் நீங்கள் 3. ஆறாம் நிலைக்கு மறுதேர்வு இல்லை. நான்காம் நிலையில் இருப்பவர் வழக்கமாக மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுதேர்வுக்குப் போகவேண்டும்.

தமிழ் வாடை வீசும் உச்சரிப்பு குற்றமில்லை; எதிராளிக்குப் புரிந்தால் போதும். சொல்லவேண்டிய சொல்லைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் அவியாங்கா விமானம் நியூயார்க் வானில் நெடுநேரம் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி முன்னுரிமை வேண்டும் என்றார், எரிபொருள் குறைகிறது என்றார். 'அவசரநிலை' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கு நிலைமையின் தீவிரம் எட்டவில்லை. எஞ்சின்கள் அணைந்து விமானம் விழுந்து 73 பேர் இறந்தார்கள்.

நேர்முகத்தில் மரியாதை எங்கே நிற்கவேண்டும்?

தேர்வு நாளில் திறன் தேர்வு, தொழில்நுட்பக் கேள்விகள், சிமுலேட்டர் ஓட்டம் எல்லாம் இருக்கும். அவற்றுக்குத் தயாராகும் வழி ஊரறிந்தது. நம் பிள்ளைகள் சறுக்குவது குழுப்பணியில். ஆறு பேரை மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒரு சிக்கலைக் கொடுத்துவிட்டுத் தேர்வாளர்கள் சுவரோரம் அமர்ந்துவிடுவார்கள். யார் வென்றார் என்று அவர்கள் பார்ப்பதில்லை. தவறைக் கண்டவர் வாய் திறந்தாரா, திறந்தவரை மற்றவர் கேட்டாரா என்று பார்க்கிறார்கள்.

இதற்கு ஆழமான காரணம் இருக்கிறது. 1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ ஜெட்டுகள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டார்கள். புறப்படத் தொடங்கிய விமானத்தில், மற்ற விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று பொறியாளர் ஐயத்தோடு கேட்டார். மூத்த கேப்டன் விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அதன் பிறகுதான் குழுவாக இயங்கும் பயிற்சி விமானத்துறையில் பாடமாக வளர்ந்தது.

பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. "கேப்டன், நம் உயரம் குறைவு, மறுபடி மேலே ஏறுவோம்" என்று மரியாதையாகவும் தயங்காமலும் சொல்லத் தெரியவேண்டும். அவர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் மறுபடியும் சொல்லவேண்டும். கோயில் திருவிழாக் குழுவிலோ கால்பந்துக் குழுவிலோ மூத்தவரிடம் மாற்றுக் கருத்துச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு இதில் பாதி தயாரிப்பு ஏற்கனவே முடிந்திருக்கிறது.

பணம்: ஒரு கடினமான கணக்கு

முழுப் பயிற்சிக்கு ஏறத்தாழ 3 லட்சம் முதல் 4 லட்சம் வெள்ளிவரை ஆகிறது. நடுவாக 350,000 என்று வைப்போம். 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு காசுகூடச் செலவழிக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தால் 17 ஆண்டுகள். மாரா என்னும் அரசு அமைப்பின் கடனுதவி பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பிற பூர்வகுடியினருக்கும். ஊழியர் சேமநிதியில் பிள்ளையின் உயர்கல்விக்காக எடுக்க வழி உண்டு, ஆனால் 2024 மே மாதத்துக்குப் பிறகு புதிதாகச் செலுத்தும் சந்தாவில் 15 விழுக்காடு மட்டுமே அதற்குரிய செஜாத்ரா கணக்கில் சேர்கிறது. அது அப்பாவின் கிழவயதுப் பணம் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே முதலில் தேடவேண்டியது நிறுவனமே தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் கேடட் திட்டம். அதிலும் செலவைப் பிள்ளை கடனாகச் சுமக்கலாம், வேலையில் இத்தனை ஆண்டு இருப்பேன் என்று பாண்டு எழுதித் தரலாம். இருந்தாலும் வரிசை சரியாக இருக்கிறது: தேர்வு முன்னால், கடன் பின்னால். இத்திட்டங்கள் எல்லா ஆண்டும் திறப்பதில்லை. சொந்தப் பணத்தில் போவதாக இருந்தால் பள்ளியிடம் கேட்கவேண்டியவை:

1. பறக்கும் நிலையில் இன்று எத்தனை விமானம், எத்தனை பயிற்றுநர்? நிறுத்துமிடத்தில் நிற்கும் எண்ணிக்கை அல்ல.

2. சென்ற குழுவில் கடைசி ஆள் எத்தனை மாதத்தில் முடித்தார்? மழையும் புகைமூட்டமும் வகுப்பைத் தின்னும். நல்ல பள்ளி அதையும் சேர்த்தே கணக்குச் சொல்லும்.

3. கட்டணம் கட்டம் கட்டமாகவா? மொத்தமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. வெளிநாட்டுப் பள்ளி என்றால், திரும்பி வந்து மலேசிய உரிமமாக மாற்ற என்ன தேர்வு, என்ன செலவு? மலிவு என்று போனவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மூச்சுவாங்குகிறார்கள்.

உரிமத்துக்குப் பிறகு வரும் காத்திருப்பு

விளம்பரத்தில் இல்லாத பகுதி இது. கருவிவழித் தகுதி பன்னிரண்டு மாதத்தில் காலாவதியாகும். மருத்துவச் சான்றிதழும் அப்படியே. வேலை கிடைக்காமல் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் இரண்டையும் சொந்தச் செலவில் புதுப்பிக்கவேண்டும். இரட்டை எஞ்சின் விமானத்தை வாடகைக்கு எடுத்துச் சோதனை பறக்கவேண்டும். பால்மரம் வெட்டாமல் விட்டால் பட்டை ஆறிக்கொள்ளும். விமானியின் கை அப்படியில்லை.

அதுவும் போட்டி யாரோடு என்று பாருங்கள். மைஏர்லைன் நிறுவனம் 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கி 2023 அக்டோபர் 12இல் திடீரென்று நின்றது. ஏ320 வகைத் தகுதி பெற்றவர்கள் ஒரே நாளில் வேலை தேடும் வரிசைக்கு வந்தார்கள். 2020இல் பெருந்தொற்றின்போதும் இதே கதை பெரிய அளவில் நடந்தது. புதிதாக 200 மணிநேரத்தோடு வருகிறவர் இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால்தான் நிற்கிறார்.

இந்தக் காத்திருப்பைத் தேர்வாளர் எங்கே பார்க்கிறார் என்றால், பறத்தல் பதிவேட்டில். நீளவாக்கில் விரியும் புத்தகம். ஒரு வரிக்கு ஒரு பறத்தல்: தேதி, செஸ்னா 172, 9எம் என்று தொடங்கும் பதிவெண், எங்கிருந்து எங்கே, பயிற்றுநரோடு எவ்வளவு, தனியாக எவ்வளவு. முதல் தனிப் பறத்தலின் வரியில் பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 மணிநேரம்தான் இருக்கும்; பக்கத்தில் பயிற்றுநரின் கையெழுத்து சற்றுப் பெரிதாக இருக்கும். கூட்டல் தவறினாலோ, விமானம் பழுதில் நின்ற நாளில் பறந்ததாக எழுதியிருந்தாலோ அத்தோடு முடிந்தது. பதிவேட்டில் பொய் எழுதியவரைத் துறை மன்னிப்பதில்லை.

விரல் வரிவரியாக இறங்கி, கடைசித் தேதியில் வந்து நிற்கும். அதற்கும் இன்றைக்கும் இடையில் பதினான்கு மாதம் என்றால் கேள்வி உடனே வரும்: இந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள்? வீட்டில் இருந்தேன் என்பவரையும், பயிற்றுநர் தகுதி எடுத்தேன், நிலையத்தில் விமானப் புறப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன், மாதம் ஒருமுறை சிமுலேட்டரில் உட்கார்ந்தேன் என்பவரையும் பதிவேட்டின் மணிநேரக் கூட்டல் பிரித்துக் காட்டாது. அந்த ஒரு பதில் பிரித்துக் காட்டும்.